நாய் நன்றாக இருக்கிறது

அமராவதிபுதூர்
8-8-1967

அன்புள்ள மச்சானுக்கு முத்தழகு எழுதுவது.

இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம். படுத்தால் உங்களைப் போலவே நிலைகொள்ளாமல் புரள்கிறது. மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிறீர்களா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். பதிலே இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய மணகோலம் நமத்துப்போவதற்குள் தின்று தீருங்கள், ஆபீசில் எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயம், பதறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொக்கு ஆச்சி வீட்டைத் தாண்டி வரும்போது காவல்காரப் பெத்தன் பார்த்துக்கொள்கிற ஆச்சி வீட்டு நாய் என் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. சேலைக்கு மேலேதான். இரண்டு பல் பதிந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினாள். நாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா சொல்லி, பெத்தன் அதை ஆச்சி வீட்டுக்குள்ளே கட்டிப்போட்டிருக்கிறான்.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடணும் என்கிறார் அப்பா. தேவகோட்டையில் ஒருத்தர் மந்திரிப்பார் என்கிறாள் அம்மா. பெத்தன்தான், "நாய்க்கடி மருந்து செய்யிற எடத்துலயே மாப்ளைய வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போடுறீக? அவுகளக் கேளுங்க" என்றான். அதனால் கேட்கிறேன். என்ன செய்ய?

முத்தழகு

நீலகிரி
10-8-1967

அன்புள்ள முத்தழகு,

உன் கடிதத்தில் முதல் பாதி ஸ்வெட்டர், மணகோலம். பின்பாதி நாய். இனிமேல் நாயை முதலில் எழுது.

சுண்ணாம்பைக் கழுவி எடு. சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவு. மந்திரிப்பது என்ற பேச்சே வேண்டாம். அத்தை கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்.

ஊசியைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். இங்கே நாங்கள் செய்கிற மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுப்பது. வெறிநோய்க் கிருமியை அந்த மூளையில் வளர்த்து, கொன்று, அந்தக் கூழைத்தான் தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள் ஏற்றுகிறார்கள். சிலருக்கு உடம்பு அந்த மூளைக்கூழை எதிர்க்கக் கிளம்பித் தன் நரம்பையே தாக்கிவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தபால் அட்டை அனுப்பி, கை கால் மரத்ததா என்று விசாரித்துத் தொகுப்பதுதான் இப்போது எனக்கு வேலை. போன வாரம் ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். உன் வயசுதான் இருக்கும். ஊசி முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே விளங்கவில்லை. அவளைக் கடித்த நாய் இன்றைக்கும் அவர்கள் வாசலில் படுத்திருக்கிறதாம், ஒரு குறையும் இல்லாமல்.

ஆகவே விதிப்படி செய்வோம். உன்னுடையது காலில் பட்ட சின்னக் கடி, நாய் பார்வைக்குச் சரியாக இருக்கிறது. நாயைப் பத்து நாள் கவனிக்கவேண்டும். அதன் எச்சிலில் விஷம் இருந்தால் அதற்குள் அதுவே நோயில் விழுந்து செத்துவிடும். பிழைத்துக் கிடந்தால் உனக்கு ஆபத்தில்லை, ஊசியும் வேண்டாம். நடுவில் சாப்பிடாமல் போனாலோ, தாடை தொங்கினாலோ, குரல் மாறினாலோ, சங்கிலியைக் கடித்தாலோ அன்றைக்கே காரைக்குடிக்குப் போய் ஊசி போட்டுக்கொள். எனக்கு எழுதிக் கேட்டுக்கொண்டு நிற்காதே.

சாப்பிடுகிறதா, தண்ணீர் விழுங்குகிறதா, வாலாட்டுகிறதா, பெத்தன் குரலுக்கு எழுந்து வருகிறதா, எல்லாவற்றையும் பார்த்து எழுது.

பூமிநாதன்

அமராவதிபுதூர்
13-8-1967

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் நேற்று வந்தது. நீங்கள் சொன்னபடி நாயை முதலில் எழுதுகிறேன்.

நாய் நன்றாக இருக்கிறது. பழைய சோறு வைத்தால் மிச்சம் வைக்காமல் தின்கிறது. தண்ணீர் விழுங்குகிறது. பெத்தன் குரல் கேட்டால் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. ஆச்சி குடும்பம் மெட்ராசில் இருப்பதால் வீடு பூட்டியே கிடக்கிறது, சாவி பெத்தனிடம். உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒரு தூணில் கட்டியிருக்கிறான். "இத்தன வருசம் காவக் காத்து நான் முகப்பத் தாண்டிப் படுத்ததில்ல. பர்மாத் தேக்குத் தூணுல சாஞ்சு தூங்குது பாரு, இந்த நாய்க்கு வந்த யோகம்!" என்றான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

புண் ஆறிவருகிறது. அப்பாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊசிப் பேச்சை விட்டுவிட்டார்.

தூக்கிவந்தார்கள் என்று எழுதினீர்களே, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இருக்கிறதா? இருந்தால் அதை யார் தூக்குகிறார்கள்?

முத்தழகு

நீலகிரி
20-8-1967

அன்புள்ள முத்தழகு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதினேழாம் தேதி எழுதியதிலும் நாய் நன்றாகத் தின்று தூங்குகிறது என்றிருக்கிறது. கெடு தாண்டிவிட்டது, இனி பயம் இல்லை. நாயை அவிழ்த்துவிடச் சொல். பெத்தனுக்கு வேண்டுமானால் அந்தத் தூணில் அவனே சாய்ந்துகொள்ளட்டும்.

எங்கள் டாக்டரிடம் உன் கடிதங்களைக் காட்டினேன். "ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவன் இப்படிக் கவனித்து எழுதினால் நம் பாதி வேலை மிச்சம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்வதில் தப்பில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளை உண்டா என்று எனக்குத் தெரியாது. என் அட்டையில் அந்தக் கேள்வி இல்லை. அதையே நினைத்துக்கொண்டிராதே. அந்த மாதிரி ஆவது சில ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான். போன கடிதத்தில் அதை எழுத விட்டுப்போயிற்று.

ஸ்வெட்டர் போடுகிறேன். போதுமா?

பூமிநாதன்

அமராவதிபுதூர்
4-9-1967

மச்சான்,

நாய் செத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று சாயங்காலம் பெத்தன் வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. சங்கிலியைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். குரைத்தால் நாய்ச் சத்தமாகவே இல்லை. நீங்கள் எழுதியிருந்தது அத்தனையும் என் கண் முன்னால் நின்றது. பெத்தன் கம்பால் அடித்துப்போட்டுக் கண்மாய்க் கரையில் புதைத்தான். அப்பாவிடம் சொல்லக் கிளம்பியவனை நான்தான் மறித்தேன். "சொன்னா ஊசியப் போட்ருவாக பெத்தா. காலு வெளங்காமப் போச்சுன்னா எம்பிள்ளைய எவ தூக்குவா?" என்றேன். அவனும் ஆச்சி வளர்த்த நாயை அடித்துக் கொன்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நீங்கள் என்னென்ன கேட்டிருந்தீர்களோ அதையெல்லாம் நாய் செய்வதாக எழுதினேன். பெத்தன் சொன்ன யோகம் மட்டும் நிஜம். அது சாவதற்கு முந்தின நாள் சொன்னது.

ஆயிரக்கணக்கில் ஒருத்தருக்குத்தான் என்று பின்னால் எழுதினீக. அதை மொதக் கடுதாசியிலயே எழுதியிருக்கப்படாதா மச்சான்? அதில் நீங்கள் காட்டியது அந்த ஒருத்தியை மட்டும்தானே. பிறகாவது சொல்லியிருப்பேன். அதற்குள் என் பொய்யை உங்கள் டாக்டர் வரைக்கும் கொண்டுபோய்ப் பெருமைப்பட்டுவிட்டீர்கள். எந்த முகத்தோடு சொல்ல?

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என்னைக் கடித்த அன்று காலையிலேயே அந்த நாய் பெத்தனின் கன்றுக்குட்டியையும் கடித்திருக்கிறது. அதை என்னிடம்கூட அவன் மறைத்துவிட்டான். முந்தாநாளிலிருந்து கன்று விழுங்க முடியாமல் நுரை தள்ளுகிறது. தொண்டை கட்டிய மாதிரி கத்துகிறது. எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி ஊசி போட்டால் கேட்குமா? வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

முத்தழகு

நீலகிரி
6-9-1967

முத்தழகு,

மாமாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் வரும்போது நீ முதல் ஊசி போட்டிருக்கவேண்டும். போடவில்லை என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே பஸ் ஏறு. நாயின் எச்சில் பட்டிருக்கும், பெத்தனையும் கூட்டிப்போங்கள். கன்றின் வாயருகே யாரும் கை வைக்கக்கூடாது.

இனி கேட்குமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கடிபட்டவர்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்டு, பாதிப் பேரைச் சும்மா விட்டு, யார் பிழைக்கிறார்கள் என்று எவனும் பார்த்ததில்லை. எந்த மனுசனால் பார்க்க முடியும்? சீக்கிரம் போட்டால் நல்லது என்று மட்டும் தெரியும். நாம் ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமைதான் லீவு கிடைக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். உன்மேல் எவ்வளவு கோபம் என்று எழுத இப்போது நேரமில்லை.

பூமிநாதன்

நீலகிரி
29-9-1967

அன்புள்ள முத்தழகு,

வந்து சேர்ந்தேன். இங்கே மழை. பதினாலு ஊசியும் முடிந்து உன் காலிரண்டும் நடக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததால்தான் இதை எழுத முடிகிறது.

அங்கே இருந்த நாட்களில் நாம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கம்பவுண்டர் உன் வயிற்றைப் பார்த்து, "இடமே இல்லையேம்மா, ஊசிய எங்குட்டுப் போட?" என்று கேட்டதற்கு மட்டும் சிரித்தாய். கன்றைப் புதைத்த அன்று அத்தை அடுப்படியிலிருந்து, "ஊருக்கெல்லாம் மருந்து செய்யிறவுக பொண்டாட்டிய மட்டும் நாயப் பாத்துக்கிட்டு இருன்னு எழுதுனாக" என்றது என் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "இனி உன் எழுத்தை எப்படி நம்புறது?" என்றேன். பஸ் கிளம்பும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்து என் தபால் அட்டைகளைப் புரட்டினேன். சுகமாக இருக்கிறவன் பதில் போடுவதில்லை. அவனுக்கு வயல் இருக்கிறது, வேலை இருக்கிறது. கால் விழுந்தவன் வீட்டிலிருந்துதான் பதில் வருகிறது. தினமும் அதையே படித்துப் படித்து எனக்கு அந்த ஊசியைக் கண்டு பயம் பிடித்திருக்கிறது. சரியான கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் உனக்கு எழுதும்போது பயம்தான் முந்திக்கொண்டது. நீ பொய் சொன்னது பெரிய தப்பு. அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவன் நான்.

இப்போது கேட்பதற்கு உண்மையை எழுது. கடித்த இடத்தில் ஊரல், குத்தல், எரிச்சல், மரமரப்பு ஏதாவது தெரிகிறதா? நோய் வருவதானால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியும். தெரிந்த பிறகு மருந்து கிடையாது. உன்னிடம் எதையும் மறைக்கவில்லை. அப்படி எதுவும் தெரியக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தெரிந்தால் எனக்குச் சொல்.

பூமிநாதன்

அமராவதிபுதூர்
5-10-1967

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன் என்று ஒரு கார்டில் எழுதியும் விட்டேன். பிறகு அதை அடுப்பில் போட்டேன்.

நீங்கள் கேட்டது இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து கடித்த இடத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. சொரிந்தால் அடங்கவில்லை. சேலை பட்டாலே என்னவோ செய்கிறது. கால் வேறு வீங்கியிருக்கிறது. பிரசவம் பார்க்கிற நாகவல்லி அம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒம்பதாம் மாசம்டி, எல்லாருக்கும்தான் வீங்கும். நீ ஒண்ணும் அதிசயமாப் பெக்கப்போறதில்ல" என்று திட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அதில் நிம்மதி. நானும் நம்பத்தான் பார்த்தேன். ஆனால் மச்சான், வீக்கம் இரண்டு காலிலும் இருக்கிறது. ஊரல் ஒரு காலில்தான்.

வேறு எதுவும் இல்லை. சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை. அது பயத்தினால் இருக்கலாம். எது பயம், எது நோய் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

எனக்கு வந்தால் பிள்ளைக்கும் வருமா? அதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அவர் தெரியாது என்று சொன்னால் அதையும் மறைக்காமல் வந்து சொல்லுங்கள்.

தந்தி கொடுக்கலாம் என்றால் அப்பாவிடம் சொல்லவேண்டியிருக்கும். ஆகவே இந்தக் கடிதம். தபாலில் சேர்க்க அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். "மாப்ளைக்கு என்ன எழுதியிருக்க?" என்று கேட்பார். பெயர் வைப்பதைப் பற்றி என்பேன். இந்த வீட்டில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறேன். பொய் சொல்லாமல் இருப்பது உங்களிடம் மட்டும்தான்.

பதில் எழுதாதீக. கடுதாசி வந்து சேர்ற வரைக்கும் எனக்குப் பொறுக்காது. கெளம்பி வாங்க.

முத்தழகு