விழா இனிதே நிறைவுற்றது

வரலாற்றுத் துறை
17 பிப்ரவரி 2025

விஜி,

'அன்புள்ள' என்று தொடங்க வரவில்லை.

வரலாற்றுத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் ஒரே வராண்டா. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டி வந்தால் கத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் போட்டுப் பத்து நிமிடத்தில் அழித்துவிடுகிறாய். அதனால் காகிதம். அலுவலக உதவியாளர் மாடக்கண்ணு அண்ணாச்சியிடம் உறையை நீட்டினேன். "பத்தடி தூரத்துக்குத் தபாலா மேடம்? ஸ்டாம்பு ஒட்டலையே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் கல்லூரிச் செய்திமடல் இன்று காலை மேசைக்கு வந்தது. நான்காம் பக்கம். நீ எழுதியது:

"பிப்ரவரி 12 அன்று வரலாற்றுத் துறை சார்பில் 'தீப்பெட்டித் தொழிலும் பெண்களும்' கருத்தரங்கு நடைபெற்றது. தீப்பெட்டித் தொழிலாளி திருமதி சங்கரம்மாள் தம் இனிய நினைவுகளை மாணவியருடன் பகிர்ந்துகொண்டார். விரிவுரையாளர் இசக்கிசெல்வி நன்றியுரை ஆற்றினார். நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது."

நான் நன்றியுரை ஆற்றவில்லை. ஆற்ற விடவில்லை.

நீயும் அந்த அரங்கில்தான் இருந்தாய். இருந்தும் எழுதுகிறேன், எங்காவது ஒரு காகிதத்தில் இருக்கட்டும். சங்கரம்மாள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசியது மூன்று நிமிடம். "தீப்பிடிச்ச அன்னைக்கு ஆலைக் கதவு வெளிய பூட்டிக் கெடந்துச்சு. என் தங்கச்சி பேபி உள்ள இருந்தா. பதிமூணு வயசு" என்றார். மைக் நின்றது. மைக் இல்லாமலே பேசினார். "பூட்டச் சொன்னது யாருன்னா..." அதற்குள் நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். முடிந்ததும் முதல்வரும் செயலாளரும் இறங்கிப் போனார்கள். அக்காவின் கையில் ஒரு சாப்பாட்டு டோக்கன்.

அந்த ஆலை நம் செயலாளருடைய அப்பாவின் ஆலை. அவர் படம் மாலையோடு மேடையிலேயே இருந்தது. அழைத்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அழைத்திருப்பேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வேண்டும். ஒரு வரி போதும்: 'திருமதி சங்கரம்மாளின் உரை பாதியில் நிறுத்தப்பட்டது.'

செல்வி


தமிழ்த் துறை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்வி,

நான் 'அன்புள்ள' என்றுதான் தொடங்குவேன். பல்கலைக்கழக விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் கிடந்தவளுக்கு வேறெப்படி எழுத?

அந்தச் செய்தியை எட்டாம் தேதியே எழுதிவிட்டேன். இது உனக்குத் தெரியாததா? மடல் வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிவகாசி அச்சகம் எல்லாவற்றையும் கேட்கும். படத்துக்கு மட்டும் இடம் விட்டு அனுப்புவோம். ஆறு வருடமாக இப்படித்தான். போன வருடம் மரம் நடு விழா மழையில் நின்றுபோனது. மடலில் ஐந்நூறு கன்றும் நட்டாகிவிட்டது. அதை வாசித்து நீதான் அதிகம் சிரித்தாய்.

ஏப்ரலில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. ஒவ்வொரு மடலையும் புரட்டுவார்கள். இந்த நேரத்தில் திருத்தமா? என் பதவி உயர்வுக் கோப்பு செயலாளர் மேசையில் இருக்கிறது. நான் அரசு உதவிபெறும் பிரிவு, எப்படியோ தப்பிப்பேன். நீ சுயநிதிப் பிரிவு. ஏப்ரல் தோறும் உனக்குப் பணி ஆணை புதுப்பிக்க வேண்டும். உன் கோபத்துக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்காகவும்தான் சொல்கிறேன்.

மூன்று நாளாகத் தனியாகச் சாப்பிடுகிறாய். காய்ச்சல் என்று மாடக்கண்ணு அண்ணாச்சி சொன்னார், விட்டதா?

விஜி


வரலாற்றுத் துறை
24 பிப்ரவரி 2025

விஜி,

சிரித்தேன். உண்மை.

நேற்று கயத்தாறு போய், அங்கிருந்து மினிபஸ்ஸில் சங்கரம்மாள் அக்கா ஊருக்குப் போனேன். கரிசல் வெடிக்கத் தொடங்கிவிட்டது. அக்கா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாம் போர்த்திய பொன்னாடையின் மேல்தான் மிளகாய்.

மடலை வாங்கிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது. "நீங்களே வாசிங்க டீச்சர்."

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

வாசித்தேன்.

"நான் பேசினது எங்கன இருக்கு?"

"இல்லக்கா."

"பேபி பேரு?"

"இல்லை."

"இனிய நினைவுன்னா என்னது?"

சொன்னேன், விஜி. ஒரு விரிவுரையாளராக அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நாப்பது வருசம் குச்சி அடுக்கினேன். விரல்ல ரேகையே கெடையாது, ஆதார் எடுக்கப் போனா மிசினு கத்துது. இனிய நினைவாம்லா!"

பிறகு படத்தைத் தடவிப் பார்த்தார். நாட்டுப்பண் நேரத்தில் எடுத்த படம். "எல்லாரும் நிக்காவ. நானும் நிக்கேன். அவிய நிறுத்தினதுகூட எனக்குப் பெருசில்ல டீச்சர். பாட்டுப் போட்டதும் நானும் வாயை மூடிட்டு எந்திரிச்சுட்டேம்லா? அதான் ஆற மாட்டேங்கு."

அவருக்கு அவர்மேலேயே கோபம். அதையும் நாம் அவர் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி. மேடைக்குப் பக்கத்தில் பாட்டுப் போடும் மடிக்கணினி இருந்ததே. அன்றைக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்? நான் பார்த்தேன். நீ சொல்ல வேண்டும்.

செல்வி


தமிழ்த் துறை
4 மார்ச் 2025

செல்வி,

நான்தான்.

மைக்கை நிறுத்தியது யாரென்று தெரியாது. பாட்டைப் போட்டது நான். செயலாளர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்தது அது. விரல் போய்விட்டது. பிறகு நானும் எழுந்து நின்றேன். ஐம்பத்திரண்டு விநாடி. அந்த அம்மாவின் உதடு ஒரு சொல்லில் பாதியில் நின்றிருந்தது. அதைப் பார்த்தேன். குனிந்துகொண்டேன்.

எட்டு நாளாக இதை எழுதிக் கிழித்தேன்.

மார்ச் இதழில் திருத்தம் வரும். நீ கேட்ட அதே வரி. யாரிடமும் கேட்கப்போவதில்லை. நானே எழுதி, நானே அச்சகத்துக்கு அனுப்புவேன். சத்தியமாக.

நாளை சாப்பிட வா. ஏட்டி, வா.

விஜி


கோவில்பட்டி
27 மார்ச் 2025

விஜி,

வந்தேன். மறுநாளே தொட்டியைத் தாண்டி வந்தேன். இருபது நாள் உன்னோடு சாப்பிட்டேன்.

சிவகாசிக் கட்டு இன்று வந்துவிட்டது, நான்கு நாள் முன்னதாக. மாடக்கண்ணு அண்ணாச்சி மேசை மேசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். "நாளைக்கு உங்களுக்கு விழாவாம்லா மேடம்? ஒரு வார்த்தை சொல்லலையே."

நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். திருத்தம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில்:

"மார்ச் 28 அன்று வரலாற்றுத் துறை விரிவுரையாளர் இசக்கிசெல்விக்குப் பிரிவு உபசார விழா நடைபெற்றது. சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகும் அவர், தம் ஏற்புரையில் நிர்வாகத்துக்குக் கண்ணீர் மல்க நன்றி கூறினார். விழா இனிதே நிறைவுற்றது."

அச்சகத்துக்காரர் படத்துக்குக் காத்திருக்கவில்லை. கீழே வெற்றுக் கட்டம்.

நாளை நடந்து முடிந்ததை இன்று வாசித்தேன். நான் விலகவில்லை, விஜி. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மடலோடு முதல்வர் அறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மடலைப் பார்த்தார். "அதுக்குள்ள வந்துட்டா?" என்றார். அவ்வளவுதான்.

'கண்ணீர் மல்க' என்று இந்தக் கல்லூரியில் நீ மட்டும்தான் எழுதுவாய். இருபதாம் தேதிக்கு முன்பே அனுப்பியிருப்பாய். இருபத்தொன்றாம் தேதி என் டப்பாவிலிருந்து சீனியவரைக்காய்ப் பொரியலை எடுத்துத் தின்று, "இன்னும் ரெண்டு வை" என்றாய். வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். "உன்னை அனுப்புறாவ, ஓடிப்போ" என்று ஒரு சொல்.

வேலை போனது அவர்கள் செய்தது. அதை எனக்கு முன்னால் நான்காம் பக்கத்துக்குச் சொன்னது நீ.

மதியமே என் மேசையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைய விழாவுக்கு வரமாட்டேன். பொன்னாடையை நீயே போர்த்திக்கொள்.

கடைசியாக நானும் ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். உன் முறைப்படி, முன்கூட்டியே.

"ஏப்ரல் 6, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர் விஜி, கயத்தாறு அருகே உள்ள திருமதி சங்கரம்மாளின் வீட்டுக்குச் சென்றார். நாட்டுப்பண்ணை ஒலிக்கவிட்டது தாம்தான் என்று தெரிவித்தார். திருமதி சங்கரம்மாள் பாதியில் நின்ற வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். விஜி எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்."

எழுதுவது எளிது. நடத்துவது உன் வேலை.

படத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இசக்கிசெல்வி