அரை பழுப்பு கால் கறுப்பு கால் வெள்ளை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நாற்பத்தொரு வயதுக்காரனை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாளே என்று உன் பெண்டாட்டி சிரிப்பாள், சிரிக்கட்டும், எனக்கு வேறு பெயர் வாயில் வருவதில்லை. நீயும் அவளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வார்த்தைக்குப் பேனா நகர மாட்டேன் என்கிறது, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? சளி பிடித்தால் உடனே மருந்துக்கு ஓடாதீர்கள், வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன் என்று பதினோரு நாளாகச் சொல்கிறார், அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரில் இருக்கிறதோ. மாடி வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தாள்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து வருகிற பத்தாம் தேதியோடு நாலு மாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போனது போனதுதான். காலையில் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தால் மதியம் வரை ஜன்னலையே பார்க்கிறார், வெளியே எதிர்வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. சாப்பாட்டில் மட்டும் கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறது, கடிவாளம் என்றால் மூடிக்கொள்கிறது கதைதான், வாழைப்பழம் என்றால் வாய் திறக்கும், மாத்திரை என்றால் பூட்டு. இதை டாக்டரிடம் சொன்னேன், அது பசிம்மா, புத்தி இல்ல என்றுவிட்டார். கையைத் தூக்குங்க, கண்ணை மூடுங்க என்று அவரும் சொல்லிப் பார்த்தார், அப்பா அவரையும் சுவரைப் பார்ப்பது போலவே பார்த்தார். காதுல விழுது, புரியுதான்னுதான் சொல்ல முடியல என்று சொல்லி, அதே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நீ அனுப்பிய முதியோர் இல்லத்து விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் நீயே நிரப்பி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் அந்தப் படுக்கை வேறு யாருக்கோ போய்விடும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லையப்பா. அறுபத்தேழு வயதில், தேய்ந்த முட்டியோடு அவரைத் தூக்கித் தூக்கி ஒருநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து விழுவோம் என்று பயப்படுகிறாய், நியாயம்தான். அவருக்குப் புரிகிறது என்றால் வீடு, புரியவில்லை என்றால் எங்கே இருந்தால் என்ன, நாம் பேசி வைத்தது இதுதானே. போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அழுகை வந்தால் நாலு நாள் தள்ளிப்போடலாம், அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடக்கிறது மனசு.

இதற்கு நடுவில்தான் குதிரை விவகாரம். தீயணைப்பு நிலையத்து முன்கூடத்தில் வைக்க அப்பா ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய காலத்துத் தெருவைச் செய்துகொண்டிருந்தாரே, முப்பது வருஷம் அங்கே வண்டி ஓட்டியது போதாதென்று ஓய்வுக்குப் பிறகும் அதே தீயைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நான்கூடத் திட்டுவேனே, அது. மோட்டார் வருவதற்கு முன்னால் இருந்த தண்ணீர் வண்டி, ஏணி, தொப்பி போட்ட ஆறு ஆட்கள், ஜன்னலில் புகை வருகிற வீடு, எல்லாம் முடித்துவிட்டார். வண்டியை இழுக்கிற குதிரை மட்டும் பாக்கி, வெறும் கம்பி எலும்புக்கூடாக நிற்கிறது. நிலையத்து அதிகாரி, நீ நெட்டை மாமா என்பாயே, அவர் வந்திருந்தார். அடுத்த வாரம் கூடத்தைத் திறக்கப் போகிறார்களாம். குதிரை என்ன அண்ணி பெரிய விஷயம், கடையில பொம்மை ஒண்ணு வாங்கி நிக்க வெச்சிடலாம் என்றார். கடைப் பொம்மை ஒன்று பூனை அளவில் இருக்கும், இல்லையென்றால் எறும்பு அளவில் இருக்கும். அப்பாவின் கணக்கு எனக்கே மனப்பாடம், தெருவில் முப்பத்தைந்து அடி என்றால் பெட்டியில் ஒரு அடி, அதன்படி குதிரையின் முதுகு என் சுண்டு விரல் உயரத்துக்கு வர வேண்டும். நானே செஞ்சு தர்றேன் என்று சொல்லிவிட்டேன். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை, கையைச் சும்மா வைத்துக்கொண்டு அவரையும் அந்த விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில், அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துதான் செய்தேன், அவரைத் தனியாக விட முடியாதே. ஓட்டை அடைக்க இரண்டு நிறத்தில் வருகிற பட்டி இருக்கிறதே, அந்த இரண்டையும் சேர்த்துப் பிசைந்து கம்பிமேல் அப்ப வேண்டும், மசமசவென்று இருந்தால் கையிலேயே கல்லாகிவிடும். முதல் நாள் வயிறு கனத்துக் கழுத்து குட்டையாகி கழுதை வந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டி மறுநாள் ஆட்டுக்குட்டி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பின்னங்கால் முட்டியை நம் முட்டி மாதிரி முன்பக்கம் மடக்கி வைத்துவிட்டு, பார்க்க நாற்காலி மாதிரி இருக்கிறதே என்று அரைநாள் முழித்தேன். அப்புறம் பழைய காலண்டரில் இருந்த குதிரைப் படத்தைப் பார்த்து, பட்டியை உடைத்து, கம்பியைப் பின்பக்கம் வளைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிடரிக்குத் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல், வாலுக்குச் சணல் பிரி. நாலாம் நாள் குதிரை என்று சொன்னால் நம்புகிற அளவுக்கு வந்துவிட்டது. அப்பா ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

நிறத்துக்குத்தான் வழி தெரியவில்லை. மாதிரிக்கு அப்பா வைத்திருந்தது அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் குதிரையின் கால்களை மறைத்துக்கொண்டு நாலு பேர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்பக்கம் திருப்பினால் அப்பாவின் கையெழுத்து, குதிரை என்று போட்டு, கீழே அரை பழுப்பு கால் கறுப்பு கால் வெள்ளை என்று எழுதியிருந்தது. நீயே சொல், என்ன புரிந்துகொள்வாய்? அரை என்றால் இடுப்பு, இடுப்பு பழுப்பு என்றால் உடம்பு பழுப்பு. கால் கறுப்பு, கால் வெள்ளை என்றால் இரண்டு கால் கறுப்பு, இரண்டு கால் வெள்ளை. எந்தக் கால் எது என்று எழுதவில்லை, இந்த மனுஷர் எப்போதும் இப்படித்தான், பாதியை எழுதி மீதியை மனசுக்குள் வைத்துக்கொள்வார் என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னங்கால் இரண்டுக்கும் வெள்ளை, பின்னங்கால் இரண்டுக்கும் கறுப்பு அடித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். காயட்டும் என்று அவர் எதிரே நிறுத்தி வைத்துவிட்டு பிரஷ் கழுவப் போனேன். திடீரென்று உர் உர் என்று ஒரு சத்தம். ஐயோ, எச்சில் புரையேறிவிட்டது என்று ஓடி வந்து முதுகைத் தட்டுகிறேன், நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்த்தால் இடது பக்க வாய் மேலே ஏறியிருக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. சிரிக்கிறார். நாலு மாதத்துக்குப் பிறகு என் புருஷன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சிரித்து முடித்து இடது கையை நீட்டி பெயின்ட் பாட்டில் மூடியை எடுத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று டம்ளரை நீட்டினேன், தள்ளிவிட்டார். மூடியைப் படத்தின் பின்பக்கம், கால் என்ற எழுத்தின்மேல் வைத்து விரலால் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். எனக்கு மண்டையில் ஏறவில்லை, மூன்றாம் தடவைதான் பளிச்சென்று உறைத்தது. அரை மூடி பழுப்பு, கால் மூடி கறுப்பு, கால் மூடி வெள்ளை. கலக்க வேண்டிய அளவு. தினமும் அரை ஸ்பூன் உப்பு கால் ஸ்பூன் மிளகு என்று போடுகிற எனக்குத் தெரியவில்லை, மரமண்டை, அதைத்தான் பார்த்துச் சிரித்திருக்கிறார். மூடியை அவர் பிடித்துக்கொள்ள நான் ஊற்றினேன். புழுதி படிந்த மாதிரி ஒரு பழுப்பு, தலையிலிருந்து குளம்பு வரை அதுதான் நிறம்.

உடனே துள்ளிக் குதித்தேன் என்று நினைக்காதே. பயந்தேன். எழுத்து புரிகிறது, என் முட்டாள்தனம் புரிகிறது என்றால் மற்றதெல்லாமும் புரிந்துதானே இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது போன் ஸ்பீக்கரில் அவர் பக்கத்தில்தான் கிடந்தது. அப்பாவுக்கு இனிமே எங்க இருந்தாலும் ஒண்ணுதாம்மா, சுவத்தைப் பாக்கப் போறவருக்கு எந்தச் சுவரா இருந்தா என்ன என்றாய். நான் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆமாப்பா, மனுஷன் எப்பவோ போயாச்சு, உடம்புதான் பாக்கி என்றேன். நீயாவது தூரத்தில் இருக்கிறாய். நான் நாற்பத்துநாலு வருஷம் கூட இருந்தவள், இரண்டடி தள்ளி உட்கார்ந்து சொன்னேன். அன்னிக்கு நாங்க பேசினது காதுல விழுந்துச்சா என்று அவரைக் கேட்டுவிட்டேன். அவர் மூடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார், வேலையைப் பார் என்பது போல. அழுதேன். பெயின்ட் காய்ந்துவிடும் என்று சீக்கிரமே நிறுத்தியும்விட்டேன். மறுபடி அதே மரத்த தாடைதான்.

இதைப் போனில் சொல்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான். விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவரைக் கேட்காமல் போடவும் மாட்டேன். கேட்க எனக்குத் தைரியமும் இல்லை, ஏனென்றால் அவரை எனக்குத் தெரியும், என் முட்டியை நினைத்துப் போகிறேன் என்று சொன்னாலும் சொல்லிவிடுவார், அதை நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது. நீ கேள். ஆமாம் என்றால் மேசையில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு, மூன்று நாளாக இடது கையால் பழகி வைத்திருக்கிறார். போனை அவர் கைப்பக்கம் வைத்துவிட்டு நான் துணி காயப்போடப் போய்விடுகிறேன். அவசரப்படுத்தாதே, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பொறுமையாக இரு, அவர் கை எழும்பக் கொஞ்ச நேரம் ஆகும். எத்தனை தட்டு விழுகிறதோ அதை உன் காதால் கேட்டுக்கொள், அப்புறம் மூன்று பேருமாக என்ன செய்வதென்று பேசுவோம்.

நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம், மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே வாலு, எடுத்த உடனே அம்மா என்று ஆரம்பிக்காதே, அப்பா என்று ஆரம்பி.

ஆசியுடன்,
அம்மா, அப்பா