முட்டைக்குத் தனிப் பாத்திரம்

மாட்டுங்கா,
மார்ச் 1964

விசாலத்துக்கு ஆசி.

எனக்குக் காசம் என்று பக்கத்து வீட்டுப் பாகீரதி மாமி உனக்கு எழுதினாளாம். பிறந்தகத்திலிருந்து உடனே கிளம்புவதாக உன் தந்தி வந்தது. கிளம்பாதே. எனக்கு எந்த நோயும் இல்லை.

கல்யாணப் பந்தியில் உன் தம்பி என் தொப்பையைத் தட்டி, "அத்திம்பேரே, இது எத்தனாவது மாசம்?" என்றான். நீயும் சிரித்தாய். அதில் நமக்குள் சண்டை மூண்டு நீ பிறந்தகம் போன மறுநாளே ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். ராச்சாப்பாட்டையும் நிறுத்தினேன். தொப்பை கரைந்தது; தோளும் தொடையும் கூடவே வற்றின. அதைத்தான் மாமி காசம் என்கிறாள்.

சயான் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நுரையீரல் நன்னா இருக்கு ஓய். ஓட்டத்துமேல பழி போடாதேயும். பட்டினி கிடந்துண்டு ஓடினா உடம்பு தன் சதையையே தின்னும். வயிறாரச் சாப்பிடும், தண்டால் எடும், முட்டை சேத்துக்கும்" என்றார். சேர்த்துக்கொள்கிறேன். சதை திரும்புகிறது.

பரிதாபப்பட்டு வருவதானால் வராதே. சிரித்தது தப்பு என்று தோன்றினால், எந்த ரயில் என்று எழுது. தாதர் ஸ்டேஷனுக்கு அழைக்க வருகிறேன்.

முட்டையை வெளி வராந்தாவில், தனி ஸ்டவ்வில், தனிப் பாத்திரத்தில்தான் வேகவைக்கிறேன். உன் அடுக்களைக்குள் அது இன்றுவரை நுழையவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்