மேசையில் வைத்த ஆறு

செவ்வாய், இரவு

குஞ்சு, இன்று உடம்பெல்லாம் அசதி. இந்த வெளிநாட்டில் என்னோடு ஒரே வீட்டில் வேலை செய்யும் உக்ரைன்காரி ஒக்சானா, போஞ்சிக்காய் நறுக்கும்போது தன் ஊரை மேசையில் வைத்துக் காட்டினாள். ஈரத்துணிதான் ஆறு. முன்பு அணை கட்டியபோது சனம் வீடுகளைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போனதாம். கல்லறைகள் இருந்த சவக்காலை தண்ணீருக்குள் போனதாம். இப்போது சண்டையில் அணை உடைந்து தண்ணீர் வற்ற, அவள் அப்பப்பாவின் கல்லறை சேற்றுக்குள் தெரிகிறதாம். படம் காட்டி அழுதாள்.

"உன்ரை ஊரையும் வையன்," என்றாள்.

"அங்கை ஆறில்லை, கடல்தண்ணி தேங்கிற களப்புத்தான்."

"பரவாயில்லை, வை."

களப்பை வைத்தேன். பாலத்தை வைத்தேன். எங்கள் ஊர்ச் சண்டையில், குண்டு விழுந்த செல்லடிக்குள் உன்னை மண்போட்டு மூடிவிட்டு ஓடிய இடத்துக்கு ஒரு போஞ்சி விதையை எடுத்தேன். கை நின்றுவிட்டது. மகனே, நீ பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?