எம்பிராய்டரி மெஷினை எடைக்குப் போடாதீங்க

அப்பா,

நம்ம எம்பிராய்டரி கடையை எனக்குக் கொடுங்க. "அதை மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதடி, நீ அங்க நிக்கக் கூடாதுன்னுதான் படிக்க வச்சாரு" என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டேன்.

மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. டிசைனை ஃப்ளாப்பியில் எழுதித் தந்த பழைய கம்ப்யூட்டர்தான் செத்தது. அதற்காக மெஷினையே விற்பீங்களா? நானே ஒரு சர்க்யூட் போர்டு செய்துவிட்டேன், அப்பா! ஃப்ளாப்பியைப் படிக்கிறது, எழுதவும் எழுதுகிறது! முதலில் ஃப்ளாப்பி வட்டின் இரண்டு பக்கங்களையும் மாற்றி இணைத்துத் தொலைத்தேன். லேப்டாப் திரையில் உங்கள் வாத்து டிசைனுக்குத் தலையில் கால் முளைத்தது. நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டேன். வாத்தையும் சரிசெய்துவிட்டேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடுங்க. பழைய இரும்புக்காரர் வந்தால், "எம் பொண்ணு விக்க விடமாட்டேங்கிறா" என்று பழியை என்மேல் போட்டு அனுப்பிவிடுங்க.

பி.கு.: "டிகிரி வாங்கினவளுக்கு நூல்கண்டோட என்னடி வேலை"ன்னு நேற்று கத்தினீங்களே, அந்த டிகிரிதான் இந்த போர்டைச் செய்தது.

இன்னொன்று: ஆபீஸ் வேலைக்கு வரமாட்டேன் என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் கடைக்கே வந்து திட்டுங்க. போர்டைப் பையில் போட்டாயிற்று, செருப்பும் மாட்டியாயிற்று. கிளம்பிட்டேன்.