தோழர் யானெக்கின் பெயர்

ஜனவரி 20, செவ்வாய்

அல்வாலில் இன்னும் குளிர். பி.பி. மாத்திரை, சவரத் தகடு வாங்க வேண்டும். ஞாயிறு வாசகர் வட்ட ஆண்டுக் கூட்டம். மறைந்த தோழர்கள் பட்டியலை எழுத வேண்டும். நாற்பது வருடமாக என் கையெழுத்துதான். ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

செயலாளர் ஸ்டீபன் வந்தான். போலந்தில் வேலை பார்க்கும் அவன் மகள் அனுப்பிய கட்டுரையோடு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், எங்கள் பட்டியலில் இருக்கும் போலந்துக்காரர் தோழர் யானெக் நடத்திய தடுப்பு முகாமில் ஜெர்மன் கைதிகள் கூட்டமாகச் செத்தார்களாம். பட்டினி, விஷக்காய்ச்சல். அமெரிக்காக்காரன் கட்டிய கதை என்றேன்.

"படிச்சிட்டுப் பேசுங்கண்ணா."

"நக்கோ, வேணாம். எடுத்துட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 21, புதன்

மாத்திரை வாங்கியாயிற்று. தகடு மறந்தது.

யானெக்கை வட்டத்துக்குக் கொண்டுவந்தவன் நான். பாலாநகரில் லேத் ஓட்டிய காலம். ஆலைக்கு வந்த சோவியத் இன்ஜினியர் கொடுத்த புத்தகம், யானெக்கின் வாழ்க்கை வரலாறு. எட்டாம் வகுப்போடு நின்றவன், அதைப் படிக்க ரஷ்யமொழியை நானாகவே கற்றேன். யானெக்கின் அப்பா, அம்மா, தம்பி மூவரையும் நாஜிகள் சுட்டது, அவர் காட்டில் ஒளிந்து போரிட்டது. நான் தமிழில் வாசிக்கக் கேட்டு ஸ்டீபனே அழுதிருக்கிறான். முகாம் பற்றிப் புத்தகத்தில் ஒரே வரி: கமாண்டராகக் கடமையாற்றினார். அன்றிலிருந்து பட்டியலில் அவர் பெயர். வருடா வருடம் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம்.

ஜனவரி 22, வியாழன்

கட்டுரையைப் பிரித்தேன். உள்ளே ஓர் உத்தரவின் படம். சோவியத் அதிகாரிகளுக்குப் போன நகல், ரஷ்யமொழியில். பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை படித்தேன். காய்ச்சலென்று வேலைக்கு வராதவனுக்கு ரொட்டி கிடையாது. வைத்தியர் தேவையில்லை. கீழே யானெக்கின் கையெழுத்து.

மொழிபெயர்த்தவன் மேல் பழி போட வழியில்லை. படித்தது நான்.

மரகதம்: "கைக்கு? ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? ரசம் நல்லால்லையா?"

மனைவியிடம் மறைக்க முடியுமா. சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி

ஸ்டீபன் வீட்டுக்குப் போனேன்.

"பேரை அடிச்சிடுங்கண்ணா. யாரும் கவனிக்க மாட்டாங்க."

"மேடையில சொல்லிச் சேர்த்தேன். மேடையில சொல்லித்தான் எடுப்பேன்."

"வர்றதே பத்துக் கிழவனுங்க. அதையும் கலைக்கணுமா?"

"ஹவ், ஆமா. கலையட்டும்."

எனக்குப் பேச நேரம் கிடையாதாம். செயலாளராம். ரஷ்ய எழுத்து ஒன்று தெரியுமா அவனுக்கு?

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். பதினோரு பேர். ஸ்டீபன் தானே ஒரு பட்டியல் எழுதி வந்து வாசித்தான். யானெக் இல்லை. நின்றோம். எல்லோரும் உட்கார்ந்தார்கள், நான் உட்காரவில்லை. நாற்பது வருடம் உங்களை யானெக்குக்காக நிற்க வைத்தவன் நான் என்றேன். அவருடைய உத்தரவை ரஷ்யமொழியில் படித்தேன், பிறகு தமிழில். அந்த முகாமில் செத்தவர்களுக்கு ஒரு நிமிடம் என்றேன்.

பின்வரிசையிலிருந்து: "நாஜி ஆளுங்களுக்கா, அண்ணா?"

"சும்மா பிடிச்சிட்டு வந்தவங்களும் இருந்தாங்க. யாரா இருந்தா என்ன, காய்ச்சல்ல கிடந்தவன்."

ஒருவரும் எழவில்லை. கைக்கடிகாரம் பார்த்து நின்றேன். அரை நிமிடத்தில் ஸ்டீபன் எழுந்தான். "டீ வந்திடுச்சு" என்றான். யாரும் நகரவில்லை. அந்த நிமிடம் முடியும்வரை அவனும் மறுபடி உட்காரவில்லை.