இடது கைக் கையெழுத்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரீட்சை நேரத்தில் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால், அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வலது கையில் இன்னும் கட்டு. இடது கையால் சாப்பிடுகிறார், அம்மா ஊட்ட வந்தால் கோபம். மெஷினில் அடிபட்டது என்று மட்டும் உனக்குச் சொன்னோம். இரண்டு விரல் போய்விட்டது அண்ணா.

அப்பா மெஷினிலும் நான் ஆபீஸிலும் வேலை பார்க்கும் எங்கள் கம்பெனியின் புது மேனேஜரும் நீ படிக்கும் நிர்வாகப் படிப்புதான். அட்டைப்பெட்டி கம்பெனியை நடத்த வந்தவருக்கு அட்டை எந்தப் பக்கம் மடியும் என்றே தெரியாது. வந்த அன்றே பெரிய வெள்ளைப் பலகை வாங்கி, எல்லோர் வேலையையும் கட்டம் கட்டமாகப் போட்டார். பெயரே 'கட்டம் சார்' ஆகிவிட்டது. ஒரே ஒரு முறை மூக்கில் கைக்குட்டையோடு மெஷின் பக்கம் வந்தார். "ஏன் இவ்ளோ சத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் பத்து நிமிடம் மெஷினருகே நிற்பார்களே, அதற்குச் சிவப்புக் கட்டம் போட்டு, 'சும்மா நிற்கும் நேரம்' என்று எழுதி, நிறுத்திவிட்டார். "அப்படி என்ன பேசுறாங்க, வீட்டுக்கதையா?" என்று சிரித்தார். என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மெஷினில் அன்றைக்கு என்ன கோளாறு என்றுதான். ஃபைலோடு கதவருகே நின்றேன். "வச்சிட்டுப் போம்மா" என்றார்.

அப்பாவுக்கு அடிபட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, நிறுத்திய பிறகும் மெஷின் அரைச்சுற்று ஓடுகிறது என்பது முந்தின ஷிப்ட்காரருக்குத் தெரியும். மணி அடித்ததும் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா நிறுத்திவிட்டுத்தான் சிக்கிய அட்டையை எடுக்கக் கை வைத்தார்.

இப்போது, தன் கவனக்குறைவே காரணம் என்று மாதக் கடைசிக்குள் அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் நஷ்டஈடும் இல்லை, அடிபட்டவர்களுக்குக் கம்பெனி தரும், உட்கார்ந்து பார்க்கும் வேலையும் இல்லை. அந்தத் தாளை டைப் அடித்தவள் நான்தான்.

"அவ்ளோ படிச்சவரு தப்பாவா சொல்வாரு? நாளைக்கு நம்ம பையனும் அந்த நாற்காலியில உட்காரப் போறான்" என்கிறார் அப்பா. உனக்கான மரியாதையை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுக்கிறார். இரண்டு நாளாக ஒரு பழைய நோட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் பரீட்சை எழுது. மாதக் கடைசிக்குள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு. அந்தப் படிப்பில் எந்த மெஷினைப் பற்றியும் ஒரு வரிகூடச் சொல்லித் தருவதில்லை என்று சொல். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ படிக்கிறவன், நீ சொல்.

உன் தங்கை